இருந்த இடத்திலேயே அந்நியர்

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தென்னந்தோட்டங்கள் செறிந்து நிற்பதை அவ்வழியே பயணஞ் செய்தோர் யாவரும் கண்டிருப்பர். அத்தோட்டங்களுள் ஒன்றில் வாழும் மூதாட்டியொருவரை 2023ஆம் ஆண்டில் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவருடைய பேரன் என்னிடம் பயின்ற மாணவன். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புதற்கு உதவி வேண்டி அவன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தான். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று நான் கேட்டதும், மூதாட்டி கட்டிலின் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தெடுத்தார்.

பெட்டிக்குள் துணியும் இல்லை, நகையும் இல்லை. எல்லாம் காகிதங்கள். அவருடைய தந்தையார் 1951இல் கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதம். கணவர் தோட்டத்தில் வேலை செய்தமைக்குத் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பொலித்தீன் உறையில் பொதிந்து வைத்த 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைப் பத்திரம்.

“ஐயா, இந்தத் தாளுக்காக எங்க அப்பாவும் காத்திருந்தாரு, என் வீட்டுக்காரரும் காத்திருந்தாரு. ரெண்டு பேரும் கண்ணால பாக்கல்ல. நான்தான் பாத்தேன்” என்றார் அவர்.

அவர் பிறந்தது அதே தோட்டத்தில். ஒரு நாளும் கடல் கடந்தவரல்லர். ஆயினும் தம் வாழ்நாளில் ஐம்பத்தைந்து ஆண்டுகளை எந்நாட்டுக்கும் உரியவரல்லாதவராகவே கழித்தார்.

அம்மாதத்திலேயே பழைய மாணவரொருவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் ஒல்லாந்து தேசத்துக் குடியுரிமை பெற்று, பின்னர்த் தாயாருடன் இலண்டனுக்கருகேயுள்ள ஹரோவில் குடியேறியவர். “ஐயா, அம்மா ஐந்து வருடம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமாம். வீட்டு வாடகை என் பெயரில், மின்சாரக் கட்டணம் என் பெயரில், அம்மாவின் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை” என்று அவர் எழுதியிருந்தார்.

இரண்டு தாய்மார், இரண்டு தேசங்கள், இடையே எழுபது ஆண்டுகள். ஆனால் இருவரையும் வருத்திய கேள்வி ஒன்றே. பல நாடுகள் ஒரே குடையின் கீழ் இருக்குங்காலத்தில் மக்கள் தடையின்றி இடம் பெயருகின்றனர். பின்னர் ஒரு நாள் அக்குடை மடிக்கப்படுகின்றது. அப்பொழுது, வந்து வேரூன்றிய மனிதரின் நிலை யாது?

கடல் பிரிக்காத கரை

புத்தளக் கரையில் வாழ்வோர்க்கு இக்கேள்வி புதியதன்று. 1344ஆம் ஆண்டில் இப்னு பத்தூத்தா என்னும் மொரோக்கோ யாத்திரிகர் இக்கரையில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். உடப்பில் வாழும் மீனவ மக்கள், தம் முன்னோர் இராமேசுவரப் பகுதியிலிருந்து வந்தனர் என்பதை இன்றும் வழிவழியாகக் கூறுவர். திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு விழா எடுப்பர். 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இந்தியாவிலிருந்து வந்த வணிகச் செட்டிமார் வழித்தோன்றல். அவரே 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி விவரித்த நூலை எழுதியவர். வந்தவரின் வழியில் வந்த ஒருவர் இந்நாட்டின் ஊர்களை இந்நாட்டவர்க்கே அறிமுகஞ் செய்தார்! அவரை அந்நியர் என்று எவரும் கருதினாரல்லர்.

இவர்களுக்குப் பின் வந்தவர்களே தோட்டத் தொழிலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களின் பஞ்சமும் கடனும் அவர்களைத் துரத்தின. இங்கிருந்த கோப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலை, இறப்பர், தென்னந்தோட்டங்களும் அவர்களை அழைத்தன. அக்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியின் ஆட்சியில் இருந்தன. 1796 முதல் 1798 வரை இலங்கையின் கரையோரப் பகுதிகள் சென்னை இராசதானியுடன் தொடர்புற்றே ஆளப்பட்டன. ஆகவே இராமநாதபுரத்தானும் சிலாபத்தானும் ஒரே அரசின் பிரஜைகள். கடலைக் கடந்து வந்தவன் அந்நிய தேசம் புகுந்தவனல்லன்.

மடிக்கப்பட்ட குடை

1947 ஆகஸ்ட் 15இல் இந்தியாவும், 1948 பெப்ரவரி 4இல் இலங்கையும் சுதந்திரம் பெற்றன. அவ்வாண்டிலேயே, நவம்பர் 15இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளைகளுக்கே பதிவு அரிதாயிருந்த அந்நாளில், தந்தையும் பாட்டனும் பிறந்ததற்குப் பத்திரம் எங்கே கிடைக்கும்? வாசகர்களே, தங்கள் பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் இன்று தங்கள் கையில் இருக்கின்றதா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்!

அதன்பின் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் வதிவிடச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடைவிடாது இங்கே வசித்ததைக் காட்டினால் பிரஜைகளாகப் பதிவு செய்துகொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் மனைவியும் பிள்ளைகளும் இடைவிடாது இங்கிருந்தனர் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். போதிய வருமானம் உண்டென்றும் காட்ட வேண்டும். ஈராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். பிரசவத்துக்காகவோ, திருமணத்துக்காகவோ தாய்வீடு சென்று பல மாதங்கள் தங்குவது அக்குடும்பங்களின் வழக்கம். அத்தங்கல் ஓராண்டைக் கடந்துவிட்டால் வதிவிடம் அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. நான் கண்ட மூதாட்டியின் தந்தையாரை வீழ்த்தியதும் அதுவே. மனைவி ஊர் சென்று திரும்பிய மாதங்களுக்கு அவரிடம் சான்று இல்லை.

சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. உரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகத்தின் வாக்குரிமையை 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் பறித்தது. கோடாக்கன் பிள்ளை என்பவர் இதனை எதிர்த்து இலண்டன் கோமறை மன்றம் வரை சென்றார். 1953இல் அவ்வழக்கும் தோற்றது.

இந்நிலையிலேதான் இக்கரையில் ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் வழங்கலாயிற்று. மன்னார் தொடங்கிக் கற்பிட்டி வரை, இரவில் தோணியேறி வந்தவர்களைப் பிடிப்பதற்குக் காவல் போடப்பட்டது உண்மை. ஆனால் அப்பழிச்சொல் வந்திறங்கியவர்களோடு நிற்கவில்லை. மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தவர்கள் மீதும் பாய்ந்தது. உப்பளத்தில் வேலை செய்தவனும், தேங்காய் உரித்தவனும், வீதியிற் செல்லும்போது பத்திரம் இல்லையேல் அச்சத்தோடு சென்றான்.

கணக்கிலே பிரிந்த குடும்பங்கள்

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசப்படும். அந்த ஒன்றரை இலட்சமும் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. மனிதரை எண்ணிப் பங்கிட்ட அக்கணக்கில், அம்மனிதரின் விருப்பத்துக்கு முதலிடம் இருக்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறியவர்களை அங்குள்ளோர் ‘சிலோன்காரர்’ என்றனர்! இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். 1984இல் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டுடன் பலர் இங்கேயே தங்க நேர்ந்தது.

முடிவாக, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகளாகலாம் என்று அது விதித்தது. எஞ்சி நின்றோர்க்கு ஓர் எளிய பிரகடனத்திற் கையொப்பமிடுவதே போதுமாயிற்று. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில், பத்தே நாட்களில் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உரிமை பெற்றனர். ஐம்பதாண்டுகளில் நடவாதது பத்து நாட்களில் நடந்தது! மக்கள் மாறினரா? இல்லை; கேட்கும் முறையே மாறிற்று. முன்னர், “நீ இங்கிருந்தாய் என்பதை மெய்ப்பி” என்றது அரசு. பின்னர், “நான் இங்கிருந்தேன்” என்ற மனிதனின் சொல்லை ஏற்றுக்கொண்டது.

பர்மாவும் பிரித்தானியாவும்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பர்மா, பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்து 1937 ஏப்ரல் 1இல் பிரிக்கப்பட்டது. இரங்கூனில் வாழ்ந்த இலட்சக்கணக்கான இந்தியர் அன்று முதல் வேற்று நாட்டிலிருப்பவராயினர். 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த ஈராண்டுகளில் வாணிபத்தைத் தேசியமயமாக்கியபோது, அவர்களுட் பெருந்தொகையினர் வெறுங்கையுடன் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அவர்களின் நினைவாக நிற்கின்றது.

நம் காலத்தில் பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிற்று. ஒன்றியத்தின் கீழ் ஒரு நாட்டவர் மற்றொரு நாட்டிற் சென்று வாழ்வதும் உழைப்பதும் உரிமையாயிருந்தது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் பலர் அவ்வுரிமை கொண்டே, தமிழர் செறிந்து வாழ்வதையும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியையும் கருதிப் பிரித்தானியாவுக்குப் பெயர்ந்திருந்தனர். இவர்கள் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து இருந்தவர்க்கு நிரந்தர நிலை. குறைவாக இருந்தவர்க்குத் தற்காலிக நிலை. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இம்முறையில் உரிமை பெற்றனர் என்பதைப் பாராட்டவே வேண்டும். 1949இல் நம்மவர்க்குக் கிடைத்ததிலும் இது பெருந்தன்மையானது. எனினும், விண்ணப்பித்துப் பெற்றாலன்றி உரிமையில்லை என்ற அடிப்படை ஒன்றே. முதியோரும், கணவன் அல்லது மகன் பெயரிலேயே வாழும் பெண்களும் இங்கேயும் பின்தங்கினர்.

ஜேர்மனி, இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகள், தம்மிடம் வாழ்ந்த பிரித்தானியர்க்கு வேறு வழி வகுத்தன. அங்கே உரிமை சட்டத்தாலேயே உண்டாகிறது. பத்திரம் அதனைக் காட்டும் அடையாளம் மாத்திரமே. பத்திரம் தொலைந்தாலும் உரிமை தொலைவதில்லை. தற்காலிக நிலை பெற்றவர் மறுமுறை விண்ணப்பிக்கத் தவறியதனால் மட்டும் உரிமை இழக்கமாட்டார் என்று இலண்டன் உயர் நீதிமன்றமும் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஹரோவிலுள்ள மாணவருக்கு இதனை எடுத்துக் காட்டி, தாயார் சென்ற வைத்தியசாலையின் கடிதங்களைத் தேடுமாறு பதில் எழுதினேன். வைத்தியர் பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயர் முதலாண்டிலிருந்தே இருந்தது. அதனால் வழி திறந்தது.

நாம் செய்யத் தக்கது

அரசுகள் ஒன்றுகூடுவதும் பிரிவதும் உலக இயல்பு. பிரியும் உரிமை நாடுகளுக்கு உண்டு. எல்லையைக் காக்கும் உரிமையும் உண்டு. ஆயின் குடை விரிந்திருந்த காலத்தில் நேர்வழியே வந்து, உழைத்து, பிள்ளை பெற்று, முன்னோரை அம்மண்ணிலேயே அடக்கஞ் செய்தவர்க்கு, இருந்ததே உரிமையாதல் வேண்டும். ஐயம் எழுமிடத்து அதனைத் தீர்க்கும் சுமை, ஏடும் எழுத்தரும் உடைய அரசின்மேல் இருத்தலே முறை; எழுத்தறியாத ஏழையின்மேல் அன்று.

அந்நீதி எங்கும் நிலைபெறும் நாள் வரை, இல்லத்தரசியருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பிறப்பைக் காலந் தவறாது பதிவு செய்யுங்கள். பழைய பத்திரங்களைக் கறையானுக்கு விடாதீர்கள். வெளிநாட்டில் வாழ்வோராயின், வீட்டில் வரும் ஏதேனும் ஒரு கட்டணச் சீட்டாவது உங்கள் பெயரில் வருமாறு செய்துகொள்ளுங்கள்.

அன்று நான் விடைபெற்றபோது, மூதாட்டி காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். “மறுப்புக் கடிதம் இனி எதற்கு அம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் ஐயா. எங்க அப்பா இங்க இருந்தாருங்கிறதுக்கு வேற சாட்சி இல்லையே” என்றார்.