கேமரா வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்



நம் உறுப்பினர்கள் பலருடைய வீட்டுப் பிள்ளைகளுக்கு மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார விருப்பமில்லை. வேறு தொழில் தேடுகிறார்கள். அவர்களில் சிலருக்குப் போட்டோ, வீடியோ தொழிலில் ஆசை. "மூன்று லட்சம் கொடுங்கள், ஸ்டுடியோ போடுகிறேன்" என்று மகனோ மகளோ கேட்கும்போது தகப்பனார் இரண்டில் ஒன்று செய்கிறார். படம் பிடிப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று வாயை அடைத்து விடுகிறார். இல்லையென்றால், பாசத்தில் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து விடுகிறார். இரண்டுமே சரியல்ல.

நான் பருப்பு மொத்த வியாபாரி. கேமராக் கலை எனக்குத் தெரியாது. ஆனால் கொள்முதல், அடக்கவிலை, பாக்கி வசூல் ஆகியவை எந்தத் தொழிலுக்கும் பொதுவானவை. என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களின் பிள்ளைகள் சிலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். நன்றாக நடத்துகிறவர்களும் உண்டு, கடையை மூடியவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதையும், வியாபாரி என்ற முறையில் எனக்குத் தோன்றியதையும் இங்கே தருகிறேன்.

1. தொழிலின் தன்மை

போட்டோ தொழிலில் கருவி மாறிக்கொண்டே இருக்கும். உதகையில் 1960ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் "இந்து" பிலிம் ஒரு காலத்தில் ஸ்டுடியோக்களில் சாதாரணமாகப் புழங்கியது. இன்று அந்த ஆலை இல்லை. அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில்தான் 1975ல் முதல் டிஜிட்டல் கேமரா உருவானது. ஆனாலும் பிலிம் வியாபாரத்தை நம்பியிருந்த அதே நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. நெகட்டிவ் கழுவிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் வேறு வேலைக்குப் போனார்கள்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. வாங்கும் கருவி சில ஆண்டுகளில் பழையதாகி விடும். அதற்குள் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். ஆனால் தங்கள் வீட்டு விசேஷத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற ஆசை மக்களுக்கு மாறவில்லை. அந்த ஆசைதான் நம் சரக்கு. கேமரா வெறும் தராசு.

2. வருமானம் எங்கே?

கையில் செல்போன் இருக்கும்போது யார் ஸ்டுடியோவுக்கு வருவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிறந்தநாள், சுற்றுலாப் படங்களைப் போன் எடுத்துக் கொண்டது. பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் அந்தந்த மையத்திலேயே படம் எடுத்து விடுகிறார்கள். மீதமுள்ளவை வருமாறு.

(அ) சிறு படங்கள்: பள்ளிச் சேர்க்கை, தேர்வு விண்ணப்பம், வங்கி, வெளிநாட்டு விசா. 4க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு அடங்கும். அமெரிக்க விசாவுக்கு 2க்கு 2 அங்குலம் வேண்டும். அளவு தவறினால் விண்ணப்பம் திரும்பி விடும். எனவே அளவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். பெரிய லாபம் இல்லாவிட்டாலும் தினமும் ரொக்கம் வரும் வேலை இது. மளிகைக் கடையில் உப்பும் தீப்பெட்டியும் மாதிரி ஆளைக் கடைக்குள் கொண்டு வரும்.

(ஆ) பழைய படம் புதுப்பித்தல்: ஒரு வீட்டில் பெரியவர் காலமானால், மங்கிப்போன சிறு படம் ஒன்றைக் கொண்டு வந்து சில மணி நேரத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கேட்பார்கள். அந்த நேரத்தில் பேரம் பேச அவர்களுக்கு மனம் இருக்காது. அதைச் சாக்காக வைத்து விலை ஏற்றக் கூடாது. அன்று நியாயமாக நடந்த கடைக்குத்தான் அந்த வீட்டின் அடுத்த கல்யாணமும் வரும்.

(இ) விசேஷங்கள்: நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா. முக்கிய வருமானம் இதுதான். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்றவற்றுக்குப் பெண் போட்டோகிராபர் வந்தால் வீட்டுப் பெண்கள் கூச்சமின்றி நிற்பார்கள். மகள் இத்தொழிலைக் கேட்டால் தயங்க வேண்டியதில்லை.

(ஈ) சரக்குப் படங்கள்: மசாலா பாக்கெட், தின்பண்டம், ஜவுளி, பாத்திரம் எதுவானாலும் இன்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஆர்டர் பிடிக்கிறோம். ஜன்னல் வெளிச்சம், வெள்ளைச் சார்ட் அட்டை, ஒரு ஸ்டாண்டு இருந்தால் இந்த வேலையைத் தொடங்கலாம். நம் சங்கக் கடைகளே முதல் வாடிக்கையாளர்கள். தெரிந்த பிள்ளை என்று நாம் இலவசமாகக் கேட்காமல் இருந்தால் சரி.

3. முதலீடு

முதலில் ஆறு மாதமாவது அனுபவசாலி ஒருவரிடம் உதவியாளராகப் போகச் சொல்லுங்கள். மூட்டை தூக்காதவனுக்கு எடை தெரியாது. விளக்குப் பிடித்து, மண்டபத்தில் இரவு முழுவதும் விழித்து நின்ற பிறகும் ஆசை குறையவில்லை என்றால் பணம் போடலாம்.

ஆரம்பத்துக்குப் புத்தம் புதிய உயர்ந்த ரகக் கேமரா வேண்டியதில்லை. நல்ல பழைய கேமரா ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, பொதுவான ஜூம் லென்ஸ் ஒன்று, பிளாஷ், ஸ்டாண்டு, உபரி பேட்டரி, இரண்டு மூன்று மெமரி கார்டு, ஒரு கணினி போதும். பழைய கேமரா வாங்கும்போது இதுவரை எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆரம்பநிலைக் கேமராக்களின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் கிளிக்குக்குக் கணக்கிடப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 2,500 கிளிக் என்றால் நாற்பது கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்து விடும். எப்போதாவது தேவைப்படும் விலை உயர்ந்த லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம்.

ஈரம் பட்டால் மிளகாய் வற்றலுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களில் இது அதிகம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது சிறிய செலவுதான். பூஞ்சை பிடித்த லென்ஸுக்கு நல்ல விலை கிடைக்காது.

4. அடக்கவிலை

பிள்ளைகள் தவறும் இடம் இதுதான். "முப்பத்தைந்தாயிரத்துக்குக் கல்யாணம் பிடித்தேன்" என்று சொல்வார்கள். அதில் கையில் நிற்பது எவ்வளவு? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். ஊருக்கு ஊர் தொகை மாறலாம், போடும் முறை மாறாது.

வரவு ரூ.35,000. செலவு: இரண்டாவது ஆள் 4,000, வீடியோ எடுப்பவர் 6,000, ஆல்பம் அச்சும் அட்டையும் 7,000, ஆல்பம் வடிவமைப்பு 2,000, வீடியோ எடிட்டிங் 3,000, போக்குவரத்து, சாப்பாடு 1,500. ஆக 23,500. மீதி 11,500.

கணக்கு இத்துடன் முடியவில்லை. ரூ.1,80,000 பெறுமான கருவி நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்குத் தேய்மானம் 45,000. ஆண்டுக்கு முப்பது கல்யாணம் என்றால் ஒன்றுக்கு 1,500. கடை வாடகை, மின்சாரம், இணையம் மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. ஒரு கல்யாணத்துக்கு 3,200. இவற்றையும் கழித்தால் மீதி ரூ.6,800. மண்டபத்தில் இரண்டு நாள், படம் தேர்வு செய்து திருத்த நான்கு நாள், ஆக ஆறு நாள் கூலி அது. பக்கத்து ஸ்டுடியோக்காரரோடு போட்டி போட்டு ஐயாயிரம் குறைத்தால், ஆறு நாள் உழைப்புக்கு மிஞ்சுவது ரூ.1,800. இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த பிள்ளை விலையைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காது.

5. வேலை இல்லாத மாதங்கள்

ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் கல்யாண வேலை அநேகமாக இருக்காது. ஆண்டில் மூன்று மாதம் கைமுடக்கம். தை, வைகாசி, ஆவணியில் வருகிற பணத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால்தான் இந்த மாதங்களில் வாடகையும் தவணையும் கட்டலாம். பள்ளிக் குழுப்படம், கோயில் திருவிழா, கடைகளுக்கான சரக்குப் படம் ஆகிய வேலைகளை அந்த மாதங்களுக்குப் பிடிப்பது நல்லது.

முகூர்த்த நாளில் ஒரே தேதிக்கு இரண்டு பேர் கேட்பார்கள். தேதிக் குறிப்பேடு வைத்து, முன்பணம் கொடுத்தவருக்கே தேதி என்று நிற்க வேண்டும். இருவருக்கும் தலையாட்டி விட்டுக் கடைசி நேரத்தில் தெரியாத ஆளை அனுப்பினால், அந்த ஊரில் பெயர் கெட்டு விடும்.

6. எழுத்தும் பாக்கியும்

"கடன் அன்பை முறிக்கும்" என்று நம் கடைகளில் பலகை மாட்டுகிறோம். போட்டோ கடையிலும் அது வேண்டும். கல்யாணம் முடிந்ததும் கையில் இருந்த பணம் செலவாகி விடும். ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்து தருவதையும் மாதக்கணக்கில் தள்ளுவார்கள். அதுவரை நம் முதல் முடங்கிக் கிடக்கும். ஆகவே தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: தேதி குறிக்கும்போது ஒரு பங்கு, விசேஷத்தன்று பெரும்பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. ஆல்பம் அச்சுக்கான செலவு இரண்டாவது தவணைக்குள் வந்திருக்க வேண்டும்.

எத்தனை ஆட்கள், எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை பக்க ஆல்பம், எப்போது தருவது, படம் தேர்வுக்கு எத்தனை நாள், ரத்தானால் முன்பணம் என்னவாகும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். குறையிருந்தால் வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். எழுத்து இருந்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

7. படத்தைக் காப்பது

நம் கடையில் கெட்ட சரக்கைத் திருப்பி எடுத்து வேறு கொடுக்கலாம். தாலி கட்டும் நேரத்தைத் திருப்பி எடுக்க முடியாது. சில விநாடியில் முடிவது. அங்கே ஒரு கேமராவை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு கேமரா, தனித்தனி கார்டு இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் தூங்கும் முன் கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று என மூன்று நகல் வைக்க வேண்டும். அதன் பிறகே கார்டை அழிக்கலாம். அந்தக் கல்யாணத்தில் ஆசீர்வதித்த தாத்தா அடுத்த ஆண்டு இருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. படம் தொலைந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது.

8. ஜி.எஸ்.டி. எச்சரிக்கை

மளிகைக் கடைக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் அதே பான் எண்ணில் போட்டோ தொழில் என்ற சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சமாகி விடும். மளிகை விற்பனையும் அந்தக் கணக்கில் சேரும். வரியில்லாத பொருள்களின் விற்பனையும் சேரும். கடை மூலையில் மகனுக்குப் போட்டுக் கொடுத்த சிறு ஸ்டுடியோவால் தகப்பனார் வரி வலைக்குள் வந்து விடலாம்.

காம்பவுண்டிங் முறையில் வரி கட்டும் வியாபாரிகள், முந்தைய ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரைதான் சேவை செய்யலாம். ஆகவே பிள்ளை பெயரில் தனிப் பான், தனி வங்கிக் கணக்கு, தனிச் சிட்டை வைத்து உண்மையாகவே தனித் தொழிலாக நடத்துவது நல்லது. போட்டோ சேவைக்குச் சாதாரண வரி 18 சதவீதம். தொடங்கும் முன் ஆடிட்டரைக் கேட்டு விடுங்கள்.

9. மற்ற சட்டங்கள்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே. எனவே மணமக்கள் படத்தைக் கடைக் கண்ணாடியில் மாட்டவோ இணையத்தில் போடவோ எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

ட்ரோன் மூலம் படமெடுக்க 2021 ட்ரோன் விதிகள் உள்ளன. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையம் போன்ற தடைப் பகுதிகளில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஆரம்பத்தில் சான்றிதழ் உள்ளவரை வாடகைக்கு அழைப்பதே உத்தமம்.

10. பணம் எங்கிருந்து?

கடைச் சரக்கு முதலைத் தொடாதீர்கள். புதிய தொழில் நொடித்தாலும் பழைய கடை நிற்க வேண்டும். முத்ரா திட்டத்தில் பிணையின்றி 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவுகளில் வங்கிக் கடன் உண்டு. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குத் தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மானியக் கடன்கள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். அவை பெரும்பாலும் புதிய தொழிலுக்கே என்பதால், கேமரா வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது.

தகப்பனார்கள் செய்ய வேண்டியது இதுதான். கேட்ட தொகை முழுவதையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதல் பங்கைக் கொடுத்து, ஓராண்டு பேரேடு எழுதச் சொல்லி, அதைப் பார்த்து அடுத்த பங்கைக் கொடுங்கள். நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து பணமல்ல, கணக்குப் பழக்கம். அதைக் கொடுத்து விட்டால், பிள்ளை பருப்பு விற்றாலும் படம் பிடித்தாலும் பிழைத்துக் கொள்ளும்.