குத்தாமல் விட்ட சீட்டு

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலில், திருநின்றவூரை அடுத்த வேப்பம்பட்டு போன்ற ஊராட்சிகளில் வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் தரப்பட்டன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இப்படிப் பல சீட்டு தரும் தேர்தல்களில் ஒன்றிரண்டைக் குத்தாமலே மடித்துப் போடுகிறவர்கள் எப்போதும் உண்டு. படிப்பறிவு போதாது, பொறுப்பு இல்லை என்று அவர்கள் மேல் பழி போடுவது சுலபம். அது நியாயம் அல்ல. குத்தினால் என்ன மாறும் என்று தெரியாத சீட்டைத்தான் மனிதர்கள் வெறுமையாக விடுகிறார்கள்.

இளஞ்சிவப்புச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டால், தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். மஞ்சள் சீட்டில் கட்சிச் சின்னம் உண்டு. ஆனால் சட்டப்படி ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு மாவட்டக் கவுன்சிலர். அவர் அமரும் மாவட்ட ஊராட்சியின் வேலையோ பெரும்பாலும் திட்டமிடுவதும் ஆலோசனை சொல்வதும்தான். சின்னம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கட்சிக்காரருக்குப் போதும். மனை வாங்கிப் புதிதாகக் குடிவந்த நகர்களில் இருப்பவருக்கோ நிலைமை தலைகீழ்: சின்னம் தெரியும், உள்ளூர்த் தலைவர் வேட்பாளரைத் தெரியாது. ஆகவே ஒருவர் விடும் சீட்டும் இன்னொருவர் விடும் சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

படிப்பறிவுதான் காரணம் என்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். எழுத்தறிவில் நம்மை விட முன்னால் நிற்கும் நாடு அது. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு இல்லை. அந்நாட்டு வரலாற்றில் முதல் முறையாக, வாக்காளர்கள் அதே சீட்டில் இரண்டாவது, மூன்றாவது விருப்பமாகக் குறிக்கும் விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்தது. முதலிரு இடத்தில் இருந்த அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச தவிர மற்றவர்களுக்குக் கிடைத்த வாக்குகள் சுமார் 33 லட்சம். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் 2.73 லட்சம் மட்டுமே. இருவரையும் நாடறியும், இருவருமே வேண்டாம் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு தடவைகூட எண்ணப்படாத இரண்டாம் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு என்று மக்கள் எப்படி நம்பியிருப்பார்கள்?

வெறும் சீட்டு என்பது எதிர்ப்பு என்றும் ஒரு வாதம் உண்டு. சிலருக்கு அப்படித்தான். ஆனால் தலைவருக்குக் குத்திவிட்டு மஞ்சளை மட்டும் விடுகிறவரின் செயலைக் கோபம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சரி, சீட்டைக் குறைத்துவிட்டால்? திருநின்றவூரிலேயே அது நடந்திருக்கிறது. பேரூராட்சியாக இருந்தபோது, 2011இல், தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். நகராட்சியான பின் 2022 பிப்ரவரி 19 அன்று கிடைத்தது வார்டுக்கான ஒரே வாக்கு. தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டு குறைந்ததோடு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கைவிட்டுப் போனது. இதைத் தீர்வு என்று ஏற்க முடியாது. ஒவ்வொரு பதவிக்கும் என்ன அதிகாரம், எவ்வளவு நிதி, நிற்பவர்கள் யார் என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து, பூத் சிலிப்போடு வீட்டுக்கு வீடு கொடுக்கட்டும். அதன் பிறகும் ஒருவர் மஞ்சள் சீட்டைக் குத்தாமல் விட்டால், அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.