வீட்டுக்கு டைல்ஸ் போடப் போறீங்களா? முதல்ல தறிக்குழியைப் பாருங்க!

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. கையில் கொஞ்சம் சேமிப்பு. ஆரணி வீட்டுக்குப் புதுசா தரை போட்டுடலாம்னு ஆசை. மொபைலில் டிசைன்கூட பார்த்தாச்சு. ஆனால், அப்பாவின் தறி எந்த அறையில் இருக்கிறது?

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, வீடுகளுக்குள்ளேயே நெய்யப்படுவது. குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். அங்கே தரையும் தறியின் ஒரு பாகம்தான்.

தரை உயர்ந்தால் என்ன ஆகும்?

பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே டைல்ஸ் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். கலவை போட்டுப் பதித்தால் தரை ஓரிரு அங்குலம் ஏறும். கதவென்றால் அடியில் அறுத்துக்கலாம். தறியை என்ன செய்ய? உட்காரும் இடம் மட்டும் உயர்ந்தால் கால் மிதிக்கு எட்டாது, முதுகும் கூடுதலாக வளையும். தறியையே தூக்கி வைக்கலாம் என்றால், மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கு. தாழ்வான பழைய கூரையில் அது இடிக்கும்.

கூடத்துக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் தாராளமா போடலாம். அது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. பளபளப்பு ரகம் ஈரத்தில் வழுக்கும் என்பதால் வயதானவர்கள் இருந்தால் 'மேட்' ரகம் கேளுங்கள்.

தறி அறைக்கு டைல்ஸே வேண்டாம் என்பேன். குழி ஓரத்தில் வெட்டிய டைல்ஸ் முனை கூர்மையாக இருக்கும். காலைக் கிழிக்கும், பட்டு இழையும் மாட்டும். சிமெண்ட் தரையோ ரெட் ஆக்சைடோ என்றால் குழியின் வளைவுக்கு ஏற்ப இழுத்துப் பூசலாம், பிறகு உடைத்தாலும் ஒட்டுப் போடலாம். ஒரே சிக்கல், புது ஆக்சைடு தரை கொஞ்ச நாள் சாயம் விடும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, சிவப்பு ஒட்டவில்லை என்ற பிறகே பட்டை அந்த அறைக்குள் கொண்டுவாங்க.

தரைச் சரிவு குழியை விட்டு விலகி இருக்கட்டும். வீடு கழுவும் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் நெசவு நின்றுவிடும் என்பதால், செங்கல் சுவர் கட்டி நீர்க்கசிவுத் தடுப்பு சேர்த்துப் பூசச் சொல்லுங்கள்.

குழியை மூடிட்டா?

இடிபாட்டைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டினால், தரை அமுங்கி விரிசல் விடும். அரை அடி அரை அடியாக நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, கான்கிரீட் போட வேண்டும். மூடினால் நெசவே போச்சு என்றும் இல்லை. குழி தேவைப்படாத, தரைமேல் நிற்கும் சட்டத்தறியும் உண்டு. முட்டி வலிக்கும் அப்பாவுக்கு அதுவே வசதியாக இருக்கலாம். ஆனால் அதற்குக் கூரை உயரம் இன்னும் அதிகம் வேண்டும். மூடுறதா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்.

இன்னொன்று. பாவு ஏற்றிய தறியை நடுவில் பிரிக்க முடியாது, சிமெண்ட் தூசி படிந்தால் பட்டு பாழ். இப்போது ஓடுகிற பாவு எப்போ முடியும்னு வீட்டில் கேட்டுட்டு, அதுக்கு அடுத்த நாளை மேஸ்திரிக்குச் சொல்லுங்க.