மனை போடுகிறவர்களின் சங்கமும் நம் கழனி வரப்பும்



முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவு. வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர் மேஜைமேல் முதலில் விரிப்பது மனைப்பிரிவு வரைபடத்தைத்தான். பத்திரம் சரியா, அங்கீகார எண் இருக்கிறதா என்று பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். அந்த வரைபடத்துக்கு அடியில் ஒரு கழனி இருந்தது, அதன் ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஓய்வு பெற்று, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கரில் தூயமல்லியும் சீரகச் சம்பாவும் வைத்த பிறகுதான் புத்தி வந்தது.

எங்கள் கழனிக்கு மேற்கே ஒரு லே-அவுட் வந்தது. ஏரியிலிருந்து வரும் வாய்க்கால்மேல் ரோடு போட்டார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் இரண்டு சிமென்ட் குழாய். அந்த வருஷம் ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பா நடவு ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தது. வீடுகள் வந்த பிறகு சாக்கடை வேறு. இயற்கை வேளாண் சான்றுக்கு எங்கள் குழுவினர் பார்வையிட வந்தபோது முதல் கேள்வியே, "சார், இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்பதுதான். நான் ரசாயனம் போடாவிட்டாலும் வாய்க்கால் கொண்டுவந்து போடுகிறதே!

விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கு முன் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கிறது. ஆட்சேபணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. தினமும் இரண்டு பேப்பர் படிக்கிற நானும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, மனை போடுகிறவர்கள் இதையெல்லாம் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

யார் இவர்கள்?

இரண்டு பெரிய அமைப்புகள். ஒன்று, பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. 1941-ல் தொடங்கியது. பெரும்பாலும் கட்டுமான ஒப்பந்தக்காரர்கள். இன்னொன்று கிரெடாய். 1999-ல் தொடங்கிய இது, மனையும் அடுக்குமாடி வீடும் போட்டு விற்கிறவர்களின் தேசிய அமைப்பு. நாடு முழுக்கப் பதிமூன்றாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள். தமிழ்நாட்டுக்கு ஒரு கிளை, சென்னைக்கு ஒரு கிளை, மற்ற நகரங்களுக்கும் கிளைகள்.

சாலையோரம் கொடி நட்டு, கல் ஊன்றி மனை விற்கிற எல்லாரும் இதில் உறுப்பினர் இல்லை. கிரெடாய் தன் உறுப்பினருக்கு நடத்தை விதி வைத்திருக்கிறது. எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசினால் நம் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எப்படிப் பேசுகிறார்கள்?

முதல் வழி, மனு. ஒவ்வொரு மத்திய பட்ஜெட்டுக்கும் முன்னால் கோரிக்கைப் பட்டியல் டெல்லிக்குப் போய்விடும். வீட்டுக் கடன் வட்டிக்கான வரிச்சலுகையை உயர்த்து, 45 லட்சம் ரூபாய் என்ற 'மலிவு வீடு' வரம்பை உயர்த்து, அனுமதிக்கெல்லாம் ஒற்றைச் சாளர முறை கொண்டுவா என்று கேட்பார்கள். ஒரு வருஷம் கிடைக்காவிட்டால் மறு வருஷம் அதையே கேட்பார்கள். 2017 பட்ஜெட்டில் மலிவு வீட்டுத் திட்டங்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கிடைத்தது. அதனால் எங்களைப் போன்ற வங்கிகளிலிருந்து பணம் வருவது சுலபமாயிற்று. அது பல வருஷம் கேட்டு வாங்கியது.

இரண்டாவது, விதி எழுதும் இடத்தில் உட்காருவது. 2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்பார்கள். சாதாரணக் கட்டடத்துக்கு அது 1.5 ஆக இருந்தது, 2 ஆனது. கட்டுநர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தது இது. இதில் நமக்கு நஷ்டம் இல்லை. நகரத்துக்குள் உயரமாகக் கட்டினால் கழனிப் பக்கம் பரவுவது குறையும். அவர்கள் கேட்பது எல்லாம் உழவருக்கு எதிரானது என்று நினைப்பது தப்பு.

மூன்றாவது, எண். கோரிக்கையோடு ஒரு கணக்கும் வைப்பார்கள். அமெரிக்காவில் 1942-லிருந்து இயங்கும் வீடு கட்டுநர்களின் தேசிய சங்கம் இதில் கெட்டி. புது வீட்டின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அரசு விதிமுறைகளால் வரும் செலவு என்று அவர்களே ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். ஆய்வு அவர்களுடையது, எண்ணும் அவர்களுடையது. ஆனால் விவாதம் முழுக்க அந்த எண்ணைச் சுற்றியே நடக்கிறது. வாய்க்கால் அடைபட்டதால் நம் ஊரில் எத்தனை ஏக்கர் சம்பா போயிற்று என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா?

நான்காவது, வழக்கு. சிமென்ட் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுவதாக பில்டர்ஸ் அசோசியேஷன் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2012-ல் ஆணையம் பதினோரு சிமென்ட் கம்பெனிகளுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பெரிய கம்பெனிகளோடும் மோதுகிற சங்கம் அது.

வழிகாட்டி மதிப்பு: நமக்கு நேராகத் தொடர்புள்ள விஷயம்

2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை விளைநிலத்தைக் கூறுபோட்டுச் சர்வசாதாரணமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மனை வியாபாரம் படுத்தது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தினார்கள். அதே 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்தது.

2023 மார்ச் 30-ல் ஒரு சுற்றறிக்கை மூலம் அரசு மதிப்பைப் பழையபடி உயர்த்தியது. கிரெடாய் நீதிமன்றம் போனது. 2024-ல் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மதிப்பை உயர்த்தவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மதிப்பை மாற்றுவதற்கு விதியில் ஒரு முறை இருக்கிறது. அதன்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்பதுதான் விஷயம். நடைமுறையைக் கேட்டே ஜெயித்தார்கள்.

சரி, இதில் உழவருக்கு என்ன? மனை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் மதிப்பு குறைந்தால் பத்திரச் செலவு குறையும். பிள்ளைகளுக்குப் பாகம் எழுதி வைக்கிற உழவருக்கும் அது நல்லதுதான். ஆனால் அரசு நிலம் எடுக்கும்போது? 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கணக்கிடும் அடிப்படைகளில் ஒன்று இந்த மதிப்பு. 33 சதவீதம் குறைந்த வருஷங்களில் இந்த அடிப்படையும் சேர்ந்து குறைந்தது. அப்போது கருத்துச் சொல்ல உழவர் தரப்பில் எத்தனை பேர் போனோம்?

இது நம் மாவட்டத்துக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவித்தார்கள். ஏகனாபுரம் உட்படப் பதிமூன்று கிராமங்கள். ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டதை எல்லாரும் பார்த்தோம். சுற்றுவட்டாரம் முழுக்க மனை விளம்பரப் பலகை எழும்பியதையும் பார்த்தோம்.

வரைபடத்தில் எந்த நிறம்?

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல ஊர்கள் அதற்குள் வருகின்றன. சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும். அடுத்த இருபது வருஷத்துக்கு மூன்றாவது பிளான். அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள்: குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம். ஒருமுறை குடியிருப்பு என்று நிறம் பூசிவிட்டால், பிறகு நிலப் பயன்பாட்டு மாற்றம் என்ற கேள்வியே எழாது. நாம் ஆட்சேபிக்க இடமும் இருக்காது. அதனால்தான் பிளான் எழுதும் காலத்திலேயே சங்கங்கள் அங்கே போய் நிற்கின்றன.

1971-ம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு மாஸ்டர் பிளானை வெளியிட்டு, ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். பிளான் இல்லாத ஊர்களில் நன்செய் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். 2007-ம் வருஷ ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற வழி சொல்கிறது. அதே சமயம், நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு உள்ளே நீர்நிலை இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைக்க 2023-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. விவசாய சங்கங்கள் எதிர்த்தும் வந்தது.

கேரளத்தில் 2008-லேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். ஊர்தோறும் கண்காணிப்புக் குழு. அதில் உழவர் பிரதிநிதிகள் மூன்று பேர். தமிழ்நாட்டில் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு. ஏரிப்பாசனம் செய்கிற நமக்கு அதில் இடமில்லை.

நம்ம ஊர் நெசவாளர்களைப் பாருங்கள். விசைத்தறியோடு மல்லுக்கட்டி, சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கும் சட்டத்தை 1985-ல் நாட்டின் கைத்தறியாளர்கள் பெற்றார்கள். பட்டியல் 22 ரகத்திலிருந்து 11 ஆகச் சுருங்கியபோதும் புடவை தப்பியது. தறிக்கு ஒதுக்கீடு கேட்க முடிந்தது என்றால் கழனிக்கும் கேட்கலாம். இன்னும் பின்னே போனால், உத்திரமேரூர் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கிறது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து செய்து வருவதைச் சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை.

ஒன்று: ஊரின் கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேட்டு நகல் வாங்கி வைத்தோம். வாய்க்கால், களம், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறித்தோம். நேரில் நடந்து பார்த்துப் படம் எடுத்துத் தேதி போட்டோம்.

இரண்டு: பேப்பரில் நிலப் பயன்பாட்டு அறிவிப்பு பார்க்க ஆள் வைத்தோம். வாரத்துக்கு ஒருவர் முறை.

மூன்று: ஒவ்வொரு பட்டத்திலும், சொர்ணவாரி, சம்பா, நவரை என்று, எத்தனை ஏக்கர் பயிர், எத்தனை மூட்டை, எவ்வளவு மூழ்கியது என்று ஒரே நோட்டில் எழுதுகிறோம். நமக்கும் ஓர் எண் வேண்டும்.

நான்கு: கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாய்க்காலைச் சர்வே எண்ணோடு குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். "நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாருக்கும் உதவாது.

ஐந்து: ஆட்சேபணை மனுவில் சர்வே எண், பாசனப் பரப்பு, வேண்டிய மாற்றம் மூன்றையும் எழுதி, தபாலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். வழக்கு என்று வந்தால் அந்த ஒப்புகைதான் பேசும்.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன் கொடுத்தே சம்பளம் வாங்கியவன். இளம் தம்பதி சாவி வாங்குகிற அன்று எங்கள் கிளைக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்த முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. அவர்களுக்கும் சோறு வேண்டும். அவர்கள் வீட்டு போர்வெல்லுக்கு எங்கள் ஏரித் தண்ணீர் வேண்டும். ஏரி வாய்க்கால் போக மிச்ச இடத்தில் வீடு கட்டுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

எங்கள் வாய்க்கால் இன்னும் அந்த இரண்டு குழாய்க்குள்தான் இருக்கிறது. கிராம சபைத் தீர்மானம் போட்டு, அளந்து தரச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகை அட்டை என் பீரோவில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊர் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.