பரட்டை தெரியும், இந்த ரஜினியைத் தெரியுமா?

ரஜினியின் 70-களைப் பற்றிக் கேட்டால் 'பரட்டை', 'காளி' என்று இரண்டு பெயர்தான் டக்கென்று வரும். ஆனால் இமேஜ் கவலையே இல்லாமல் மனுஷன் அப்போது செய்த வேடங்கள் நிறைய இருக்கு.

1975-ல் 'அபூர்வ ராகங்கள்' வந்தது. அடுத்த வருஷமே பாலச்சந்தர் அவரைத் தெலுங்குக்குக் கூட்டிப்போனார். படம் 'அந்துலேனி கதா', நம்ம 'அவள் ஒரு தொடர்கதை'தான். இங்கே ஜெய்கணேஷ் செய்த பொறுப்பில்லாத அண்ணன் வேடம் அங்கே ரஜினிக்கு.

அதிர வைத்தது 1977-ல் வந்த 'காயத்ரி'. சுஜாதாவின் நாவல். ஸ்ரீதேவியைக் கல்யாணம் செய்துகொண்டு, படுக்கையறையில் நடப்பதை அவருக்கே தெரியாமல் படம் பிடிக்கிற கணவன் ரஜினி. நாயகன் ஜெய்சங்கர். செல்போன் கேமரா இல்லாத காலத்திலேயே இப்படி ஒரு கதை! இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும். அதே வருஷம் 'புவனா ஒரு கேள்விக்குறி'யில் எஸ்.பி.முத்துராமன் ஆளையே மாற்றிப்போட்டார். சிவகுமார் ஏமாற்றுக்காரர், ரஜினி நல்லவர்.

ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' இன்னும் ஒரு படி மேலே. கமல், ஸ்ரீப்ரியா நடித்த படத்தில் விளம்பரக் கம்பெனி முதலாளியாக வருவார் ரஜினி. நெற்றியில் விபூதி, கையில் கிளாஸ், வாயைத் திறந்தால் பெண்களைப் பற்றி மட்டமான பேச்சு. 1978 தீபாவளிக்கு வந்தது. அதே தீபாவளிக்கு தேவர் பிலிம்ஸின் 'தாய் மீது சத்திய'த்தில் பழிவாங்கும் ஹீரோவாகவும் ரஜினி. கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லணுமா என்ன?