மந்தகாலமும் தொழிலாளர் உரிமையும்

ஈப்போவுக்கு அருகில் லகாட் முதலிய ஊர்களைக் கொண்ட கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈயமும் ரப்பரும் விலையேறிய காலத்தில் ஆட்களை வரவழைப்பதும், விலை சரிந்த காலத்தில் அவர்களைக் கைவிடுவதும் நெடுநாளைய வழக்கமாக இருந்தன. 1930-ல் உலகப் பொருளாதார வீழ்ச்சி மலாயாவைத் தாக்கியபோது கங்காணிகளின் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். 1938-ல் ஆண்களின் தினக்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோதோ, இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்தது.

அன்று ஆட்குறைப்பின் பாரம் முழுவதும் உழைப்பவன் தலையிலேயே விழுந்தது. இன்று மலேசியச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஊதியத்தில் ஓரிடத்தில் ஆறாண்டுகள் உழைத்த ஒருவர் ஆட்குறைப்புக்கு ஆளானால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் 120 நாள் சம்பளத்தை நஷ்டஈடாகப் பெற உரிமையுண்டு. 2018-ல் தொடங்கிய, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் வேலை இழந்த 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சுயமாக விலகியதாகக் கடிதத்தில் கையெழுத்திட்டால் இவ்வுரிமைகளுக்கே பங்கம் வரலாம். ஆகையால் வாசித்துப் புரிந்துகொள்ளாமல் எவரும் கையெழுத்திடலாகாது. லாபகாலத்தில் உழைப்பை வாங்கிய நிர்வாகம், நஷ்டகாலத்தில் நியாயத்தை வழங்கவும் கடமைப்பட்டதேயாகும்.