கடைசி பில் எங்கே, அக்கா?

பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணியைக் கையில் கொடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். யாழ்ப்பாணத்து வழக்கம், லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் மாறவில்லை. ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை அடுப்படி மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். உள்ளே இருந்ததெல்லாம் கேஸ், கரண்ட் காகிதங்கள்.

"தம்பி, ஒக்டோபர்ல கொம்பனி மாத்தினனான். பழைய ஆக்கள் இருநூறு பவுண்டுக்கு மேல தரவேணும். கேட்டா, பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு சொல்லுறாங்கள். என்ர காசை எனக்குத் தாறதுக்கு அவங்களுக்கு என்ன நோகுது?"

"கடைசி பில் வந்துச்சாக்கா?"

"ஒண்டும் வரேல்லை."

வந்திருந்தது. டிசம்பர் 5 தேதியிட்டு, அவருடைய மின்னஞ்சலில் குப்பைப் பகுதிக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுக்க எங்களுக்கு இருபது நிமிடம் பிடித்தது. அந்த இருபது நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதமாக "காசு எங்கே?" என்று போன் போடுவார்கள், "கடைசி பில் எங்கே?" என்று ஒருமுறைகூடக் கேட்க மாட்டார்கள். பணம் திரும்பி வருவதற்கான கெடு அந்த பில்லின் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கே இது முதலில் பிடிபடவில்லை. நம் ஊரில் மின்வாரியம் ஒன்றுதான், 'பழைய கம்பெனி' என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் வீடுகளுக்கான கேஸ் சந்தை 1998லும் மின்சாரச் சந்தை 1999லும் முழுக்கத் திறந்துவிடப்பட்டன. கம்பெனி மாறினால் கம்பியும் குழாயும் மாறாது, மீட்டரும் அதே மீட்டர்தான். பில் அனுப்புகிறவர் மட்டும் வேறு ஆள்.

பழைய கம்பெனியிடம் நம் பணம் எப்படிச் சேர்கிறது? டைரக்ட் டெபிட்டில் கட்டும் பலரிடம் மாதாமாதம் ஒரே தொகையை எடுப்பார்கள். கோடையில் ஹீட்டர் ஓடாது, ஆனால் அதே தொகை போய்க்கொண்டிருக்கும். அப்படிச் சேர்ந்தது குளிர்காலத்தில் கரையும். ஆகவே அக்டோபரில் விலகுகிறவரின் கணக்கில் இருப்பு உச்சத்தில் இருக்கும். அக்காவுக்கு 231 பவுண்டு இருந்தது அப்படித்தான். அது சலுகையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அவர் முன்கூட்டியே கட்டிய சொந்தப் பணம்.

இப்போது விதி. கம்பெனி மாறிய ஆறு வாரத்துக்குள் பழைய கம்பெனி கடைசி பில்லை அனுப்ப வேண்டும். பில் போட்ட பத்து வேலை நாளுக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும். இதில் எது தவறினாலும் நீங்கள் கேட்காமலே 40 பவுண்டு நஷ்டஈடு தர வேண்டும். 2025 ஜனவரிக்கு முன் இது 30 ஆக இருந்தது. அந்த நஷ்டஈட்டையும் பத்து வேலை நாளுக்குள் தராவிட்டால் மேலும் ஒரு 40. எல்லாம் ஆஃப்ஜெம் என்கிற ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த தரவிதிகள். 'கேட்காமலே' என்று எழுதியிருக்கிறதே தவிர, கேட்காமல் வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அக்காவின் கணக்கைப் போட்டோம். அக்டோபர் 28 அன்று மாறினார். ஆறு வாரம் என்றால் டிசம்பர் 9. பில் 5ஆம் தேதியே வந்துவிட்டதால் அதில் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து பத்து வேலை நாள், டிசம்பர் 19. அன்றைக்குப் பணம் வரவில்லை. அடுத்த பத்து வேலை நாளில் கிறிஸ்துமஸ், பாக்ஸிங் டே, புத்தாண்டு விடுமுறைகளைக் கழித்தாலும் ஜனவரி முதல் வாரத்தோடு அதுவும் முடிந்துபோகிறது. ஆக 231 பவுண்டோடு இரண்டு நாற்பது.

"எண்பது பவுண்டு சும்மாவே வருதோ?" அக்கா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

பணம் நின்றதற்கு அவருடைய கூடப்பிறந்த தம்பிதான் காரணம். கம்பெனி மாறிய அன்றே வங்கியில் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்யச் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணம்தான். ஆனால் பல கம்பெனிகள் அதே வங்கிக் கணக்குக்குத்தான் மீதியை அனுப்பும். அந்த இணைப்பு அறுந்துபோனால் காசோலை போட வேண்டும், அல்லது வங்கி விவரம் கேட்டு எழுத வேண்டும். அந்தக் கடிதமும் அதே குப்பைப் பகுதியில்தான் இருந்தது. மீதி கைக்கு வரும்வரை டைரக்ட் டெபிட்டைத் தொடாதீர்கள். தவறாக எடுத்துவிட்டால் வங்கியே திருப்பித் தரும் உத்தரவாதம் அதற்கு உண்டு.

பில்லைக் கையில் எடுத்ததும் தொகையைப் பார்க்கும் முன் மீட்டர் எண்ணைப் பாருங்கள். அக்காவின் கேஸ் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, வாக்குவம் கிளீனருக்குப் பின்னால் இருக்கிறது. போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் கறுப்பில் ஐந்து எண், பிறகு ஒரு புள்ளி, அதன்பின் சிவப்பில் மூன்று எண். மாறிய அன்று அக்கா நல்லபடியாகப் படம் எடுத்து வைத்திருந்தார்: 06148, சிவப்பில் 382. ஆனால் போனில் சொன்னபோது சிவப்பையும் சேர்த்து எட்டு எண்ணாகச் சொல்லிவிட்டார். கணினி அதை ஏற்காமல், தன் மதிப்பீடாக 06214 என்று போட்டுக்கொண்டது. சிவப்பு எண்கள் கணக்கில் வராது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பழைய கம்பெனி முடித்த எண்ணும் புதிய கம்பெனி தொடங்கிய எண்ணும் ஒன்றாக இருந்தால், மதிப்பீடு தவறானாலும் பெரிய நஷ்டமில்லை. இங்கே கூடக் கட்டியது அங்கே குறைந்துவிடும். அக்கா விஷயத்தில் புதிய கம்பெனி பின்னால் படத்தைப் பார்த்து 06148 என்று திருத்திக்கொண்டது. பழையது திருத்தவில்லை. நடுவில் உள்ள 66 கன மீட்டருக்கு இரண்டு பேரும் பில் போட்டிருக்கிறார்கள். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 11.2 யூனிட் என்பதால் ஏறக்குறைய 740 யூனிட் வரும். யூனிட் 6 பென்ஸ் என்று வைத்தாலே 44 பவுண்டு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வர வேண்டிய பணத்தையும் மீட்டர் எண் தகராறையும் ஒரே கடிதத்தில் எழுதக் கூடாது. மீட்டர் எண் தகராறைப் புதிய கம்பெனியிடம் சொல்ல வேண்டும், பழையவரோடு பேசித் தீர்ப்பது அவர்கள் பாடு. பழைய கம்பெனிக்கு எழுதும்போது அவர்களே ஒப்புக்கொண்ட 231ஐ மட்டும் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்தால், "மீட்டர் எண் சரிபார்ப்பில் உள்ளது" என்று சொல்லி முழுப் பணத்தையும் நிறுத்திவைக்க அவர்களுக்கு நாமே வழி காட்டிய மாதிரி ஆகும்.

எழுதும்போது முதல் வரியிலேயே இது முறையான புகார் என்று இருக்கட்டும். போனில் விசாரித்ததை விசாரிப்பு என்றே பதிந்துவிட்டு, "நீங்கள் புகாரே தரவில்லையே" என்பார்கள். கணக்கு எண், பில் தேதி, தொகை, பத்து வேலை நாள் முடிந்த தேதி, வங்கி விவரம், இவ்வளவு போதும். புகார் தந்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றாலோ, "இதற்குமேல் எங்களால் முடியாது" என்று அவர்களே கைவிரித்துக் கடிதம் தந்தாலோ, எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அவர்கள் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். கைவிரித்த கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். ஆஃப்ஜெம்முக்கே நேராக எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் அது தனிநபர் புகாரை விசாரிக்காது. எழுத உதவி வேண்டுமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் இருக்கிறது.

"அந்தக் கொம்பனியே இழுத்து மூடிப்போட்டா?"

நியாயமான கேள்வி. 2021இல் மொத்த விலை எகிறியபோது சின்னக் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. பல்ப் என்ற பெரிய கம்பெனியும் அரசின் சிறப்பு நிர்வாகத்துக்குள் போய், பிறகு ஆக்டபஸ் என்ற இன்னொரு கம்பெனியின் கைக்கு வந்தது. அப்படி விழுந்தால் வாடிக்கையாளரை ஏற்க வேறொரு கம்பெனியை ஆஃப்ஜெம் நியமிக்கும். வீட்டுக் கணக்கின் இருப்புக்குப் பாதுகாப்பு உண்டு, நேரம்தான் இழுக்கும்.

அன்றைக்கே இரண்டு மின்னஞ்சல் அனுப்பினோம். எட்டாம் நாள் 231 பவுண்டு வந்தது, அதற்கடுத்த வாரம் 80. மீட்டர் விஷயம் இன்னும் முடியவில்லை. அடுப்படிச் சுவரில் தொங்கும் முருகன் கோயில் காலண்டரில் எட்டு வாரத்தை எண்ணி, மார்ச் 14ஐ அக்கா சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.